அறுபத்து நான்காவது தீப்பெட்டி

ராஜத்துக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் அந்த மீனவர் தெருவில் எவர் வீட்டுக்கு அடுத்தது எவர் வீடு என்று அவளைக் கேட்டால் மூச்சு விடாமல் ஒப்பிப்பாள். புருஷன் போன பிறகு பதினெட்டு வருஷம் தலையில் மீன் கூடையோடு குரும்பகரம் வரைக்கும் நடந்து விற்றவள். தினமும் வாசல் வாசலாகக் குரல் கொடுத்து மற்றப் பெண்களைக் கிளப்பிக்கொண்டு போவதும் அவள்தான். முதல் குரல் எப்போதும் பக்கத்து வீட்டு மாரிக்கண்ணுவுக்கு.

சுனாமி வந்து ஒன்றரை வருஷம் ஆகியும் ஊர் தார்ஷீட் கொட்டகைகளில் வெந்துகொண்டிருந்தது. சாலைக்கு மேற்கே புது இடம் ஒதுக்கியாயிற்று. வீடுகளை எப்படி அமைப்பது என்பதுதான் பாக்கி. அதற்காக ஒரு பல்கலைக்கழகத்திலிருந்து கட்டடக்கலை மாணவர்கள் ஏழெட்டுப் பேர் வந்து இறங்கினார்கள். அவர்களுக்குத் தலைவி போல இருந்தவள் பாரதிப்ரியா.

"நாங்க வரையத்தாங்க வந்திருக்கோம். எது எங்க இருக்கணும்னு நீங்கதான் சொல்லணும்" என்றாள்.

ஊருக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. அதுவரை ஜீப்பில் வந்தவர்கள் எல்லோரும் சொல்லிவிட்டுப் போனவர்கள்தான். கேட்பதற்கென்று ஒருத்தி வருவாள் என்று யார் கண்டது?

அந்த ஊரில் கூட்டம் என்றால் மாரியம்மன் கோயில் மண்டபத்தில் ஆம்பளைகள் உட்கார்ந்து பேசுவது. பெண்கள் வரக் கூடாது என்று யாரும் சட்டம் போடவில்லை, வந்ததும் இல்லை. பாரதிப்ரியா பெண்களையும் கூப்பிட்டாள். முகம் சுளித்துக்கொண்டே பஞ்சாயத்தார் ஒத்துக்கொண்டார்கள். பெண்கள் படிக்கட்டோடு நின்றார்கள்.

மண்டபத் தரையில் புது இடத்தைச் சாக்பீஸால் வரைந்து, ஒரு பை நிறையத் தீப்பெட்டிகளைக் கொட்டினாள் பாரதிப்ரியா. ஒரு பெட்டி ஒரு வீடு. ஆம்பளைகள் பங்காளி முறை பேசி, பழைய சண்டையெல்லாம் கிளறி, இரண்டு மணி நேரத்தில் நாலு பெட்டியைக்கூட ஒழுங்காக வைக்கவில்லை. கடைசியில் பஞ்சாயத்தாரில் ஒருவனான செல்லையன்தான், "ராஜத்தை வரச் சொல்லுங்கப்பா, அதுக்குத்தான் தெரு தெரியும்" என்றான். அவன் மாரிக்கண்ணுவின் அண்ணன்.

ராஜம் குந்தி உட்கார்ந்து பெட்டிகளை வைத்தாள். காலையில் குரல் கொடுத்துப் போகும் வரிசையிலேயே கை போயிற்று. மொத்தத் தெருவும் தரையில் எழுந்து நின்றது. "அட, அப்படியே நம்ம தெரு!" என்று ஆளாளுக்குச் சந்தோஷப்பட்டார்கள். ஒருத்தரும் ஒரு குறை சொல்லவில்லை.

பாரதிப்ரியா மட்டும் இரண்டு தடவை எண்ணினாள்.

"பட்டியல்ல அறுபத்து மூணு குடும்பம்தாங்க இருக்கு. இங்க அறுபத்து நாலு இருக்கே?"

எல்லார் கண்ணும் ஒரே பெட்டியில் போய் நின்றது. சுனாமி அன்றைக்குச் சாவு விழாத வீடு அந்தத் தெருவில் குறைவு; ஆனால் விளக்கேற்ற ஒரு ஆள்கூட மிஞ்சாமல் போனது மாரிக்கண்ணுவின் வீடு ஒன்றுதான். அவள், புருஷன், ஏழு வயது மகள் தீபா. அந்த வீட்டையும் சேர்த்துத்தான் ராஜம் வைத்திருந்தாள், ஊரும் பார்த்துத் தலையாட்டியிருந்தது. செல்லையனுக்கே உறைக்கவில்லை.

அவன் துண்டால் முகத்தை மூடிக்கொண்டு அழுதான். பிறகு, "அந்த மனை அப்படியே காலியா கெடக்கட்டும். எம் மருமவ பேரு சொல்லி புள்ளைங்க வெளையாடட்டும்" என்றான். ஊர் சரி என்றது. பாரதிப்ரியா நோட்டில் குறித்துக்கொண்டாள்.

ராஜத்துக்கு மட்டும் அது ஒப்பவில்லை. காரணம் அவளுக்கு மட்டும் தெரியும். அந்த ஞாயிற்றுக்கிழமை காலை தீபா அவள் வீட்டில்தான் இருந்தாள். தண்ணீர் வந்தபோது ஒரு கையில் பிள்ளை, ஒரு கையில் ஜன்னல் கம்பி. இரண்டாவது தடவை வந்தபோது கம்பியைப் பிடிக்க இரண்டு கையும் வேண்டியிருந்தது. அன்றிலிருந்து காலை ஒன்பது மணிக்கு, பட்டப்பகலில், "அத்தே" என்று ஒரு குரல் கேட்கும். பழைய இடத்துப் பக்கம் போனால் கேட்கும். கொட்டகையில் மட்டும் ஒரு நாளும் கேட்டதில்லை. பிள்ளைக்குக் கொட்டகை இருக்கும் இடம் தெரியவில்லை என்று ராஜம் நிம்மதியாக இருந்தாள். அந்த நிம்மதிக்காகத் தன்னையே வெறுக்கவும் செய்தாள். இப்போது பக்கத்து மனையைப் பிள்ளைக்கே எழுதி வைக்கிறார்கள். இனி அது வழி தேட வேண்டியதில்லை.

மறுவாரம் வரைபடத்தைச் சுவரில் ஒட்டி, "யாருக்காச்சும் ஆட்சேபணை இருக்குதாங்க?" என்று பாரதிப்ரியா கேட்டாள். படிக்கட்டிலிருந்து ராஜம் கையைத் தூக்கினாள்.

"அந்த மனையை எடுத்துடுங்கம்மா."

"என்ன பேச்சு பேசுற?" என்று நாலைந்து பேர் எழுந்தார்கள். மாரிக்கண்ணுவும் இவளும் ஒரே இலையில் சாப்பிட்டவர்கள் ஆயிற்றே என்று பெண்களே முணுமுணுத்தார்கள். பேசாமல் உட்கார்ந்திருக்கலாம், துக்கத்தில் உளறுகிறாள் என்று விட்டிருப்பார்கள். அவளால் முடியவில்லை.

"அண்ணே, புள்ள தானா போவல. நான்தான் கைய விட்டேன். நான் பொழைக்கணும்னு விட்டேன்."

மண்டபத்தில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. செல்லையன் எழுந்து வரைபடத்துக்குப் பக்கத்தில் போய் நின்றான். திரும்பாமலேயே சொன்னான்.

"அந்த மனை அங்கயேதான் இருக்கும். நீயும் அதுக்குப் பக்கத்துலயேதான் இருக்கணும், ராஜம்."

கூட்டம் கலைந்தது. அடுத்த வருஷம் வீடுகள் எழுந்தன. சாவி கொடுத்த அன்று ராஜத்தின் சாமான்களைத் தட்டுவண்டியில் ஏற்றி வந்து இறக்கியவன் செல்லையன்தான். அடுப்பை எங்கே வைப்பது என்பதைத் தவிர வேறெதுவும் கேட்கவில்லை.

காலை ஒன்பது மணிக்கு இப்போதும் ராஜம் வேலையை நிறுத்திவிட்டுக் காது கொடுக்கிறாள். அன்று அவன் சொன்னது தண்டனையா, மன்னிப்பா என்று அவனையே கேட்டுவிட வேண்டும் என்று தினமும் நினைக்கிறாள். அவன் தெருவில் தினமும் எதிரே வருகிறான், "சாப்டியா?" என்கிறான். அவள் சாப்பிட்டேன் என்கிறாள். அதற்கு மேல் வாய் வரவில்லை. பதில் எதுவாக இருந்தாலும் அந்த வீட்டில்தான் அவள் படுத்து எழ வேண்டும்.