பதினொரு பங்குக்கோயில்கள்

பிஸ்கட்டவே என்ற அமெரிக்க ஊரில் எங்களுக்குக் கீழ்வீட்டில் இருந்த அக்கா, ஒரு மதியம் சின்ன ஃபிலிம் ஸ்லைடு ஒன்றை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு என்னிடம் நீட்டினாள். உள்ளே ஸ்பெயினின் ஏதோ ஒரு கிராமத்துப் பங்குக்கோயில், அந்த ஊர் மக்களின் சர்ச். பீடத்துக்குப் பின்னே, சுவரை நிறைத்து நான்கு சலவைக்கல் தூண்கள். "மார்பிள் இல்லம்மா, மரம். பெயின்ட் பண்ணிருக்காங்க," என்றாள்.

அக்கா தூத்துக்குடிக்காரி. இங்கே பல்கலைக்கழகத்தில் கலை வரலாற்றில் ஆய்வு செய்துகொண்டிருந்தாள். பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஸ்பெயின் அரசர், மெழுகுவத்தியில் தீப்பற்றும் தங்கமுலாம் பூசிய மரப் பீடங்கள் இனி வேண்டாம், கல்லில் கட்டுங்கள் என்று உத்தரவிட்டாராம். சுருள் சுருளான பழைய அலங்காரம் போய், பண்டைய ரோமின் நேரான தூண்களும் முக்கோண முகடும் வந்தன. கல்லுக்கு வழியில்லாத கிராமங்கள் மரத்திலேயே செய்து, அதன்மேல் கல்லின் வரிகளைத் தீட்டிக்கொண்டன. அப்படிப் பதினொரு கோயில்களை அக்கா இரண்டு கோடைகள் பஸ்ஸில் அலைந்து படமெடுத்திருந்தாள். கரையான் அரித்த மூன்று பீடங்களைப் பிறகு பிரித்துப் போட்டுவிட்டார்கள். அவளுடைய ஸ்லைடுகள்தான் மிச்சம்.

அந்தக் குளிர்காலத்தில் ஒருநாள் திரைச்சீலைகளை ஊறவைக்கக் குளியல் தொட்டியில் குழாயைத் திறந்துவிட்டிருந்தேன். ஊரிலிருந்து அம்மாவின் போன் வந்தது, பேச்சில் மறந்துபோனேன். பார்த்தபோது தரையெல்லாம் தண்ணீர். மணி இரண்டு. நேர் கீழே அக்கா ஸ்லைடு பெட்டிகள் வைத்திருக்கும் அலமாரி என்பது எனக்குத் தெரியும். அவள் டிபார்ட்மென்ட் நம்பர் எங்கள் ஃப்ரிட்ஜில் ஒட்டியிருந்தது. வீட்டைக் காலிபண்ணச் சொல்லிவிடுவார்களோ, கணவர் என்ன சொல்வாரோ என்ற பயத்தில், துண்டுகளால் தரையைத் துடைத்துவிட்டு மூன்று மணி நேரம் சோபாவில் அசையாமல் உட்கார்ந்திருந்தேன்.

ஐந்து மணிக்கு அக்கா மேலே ஓடிவந்தாள். "மேல ஏதாவது லீக் ஆச்சாம்மா?"

"பைப் உடைஞ்சிருச்சுக்கா."

ஸ்லைடுகள் ஒன்றோடொன்று ஒட்டியிருந்தன. தரையில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பிரித்தாள். பிரிக்கப் பிரிக்க, படம் தோலாக உரிந்து வந்தது. அவள் அழவில்லை. மறுநாள், "உடனே எடுத்து நல்ல தண்ணியில போட்டிருந்தா சேவ் பண்ணிருக்கலாமாம். காய விட்டதுதான் தப்புன்னு ப்ரொஃபசர் சொல்றாரு," என்றாள். நான் அவளுக்குக் காபி கலந்து கொடுத்தேன்.

கிரீன் கார்டு மனு பாதியில் இருந்ததால் அவளால் நாட்டைவிட்டுப் போய்வர முடியவில்லை. போனாலும் அந்த மூன்று பீடங்கள் அங்கே இல்லை. நினைவிலிருந்து ஒரு அத்தியாயம் எழுதினாள்; படம் இல்லாமல் ஏற்க மாட்டார்கள் என்று திரும்பி வந்தது. வசந்தத்தில் ஆய்வை விட்டாள். கணவருக்கு டாலஸில் வேலை கிடைத்து இருவரும் போனார்கள். எல்லோரையும் போல அவளும் சாஃப்ட்வேர் டெஸ்டிங் படித்தாள்.

இரண்டு வருஷம் கழித்து, பொறுக்கமாட்டாமல், போன் செய்தேன்.

"அக்கா, அன்னிக்குப் பைப் உடையல. நான்தான் டேப்பைத் திறந்துவிட்டு மறந்துட்டேன்."

"தெரியும்மா. மெயின்டனன்ஸ் ஆள் மறுநாளே சீலிங்கைப் பிரிச்சுப் பாத்துட்டு, பைப் நல்லாத்தான் இருக்குன்னு சொல்லிட்டான்."

"ஏன்க்கா என்கிட்ட கேக்கல?"



"கேட்டா, எத்தனை மணிக்குன்னும் கேக்கணும்ல."

இரண்டு மணி என்று சொல்ல வாய் வரவில்லை. "மீட்டிங் இருக்கும்மா," என்று அக்கா போனை வைத்துவிட்டாள்.