கரும்புக் கையனுக்குக் கை இல்லை

சுப்பராயலு உட்கார்ந்து யாரும் பார்த்ததில்லை. அவருடைய கல்யாணப் போட்டோவில் மணப்பெண் கொளஞ்சியம்மாள் நாற்காலியில் அடக்கமாக உட்கார்ந்திருக்க, மாப்பிள்ளை பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டவர் மாதிரி வாசலைப் பார்த்து நிற்பார். வீடு கடலூர் திருப்பாதிரிப்புலியூரில். வேலை சிதம்பரத்தில், ஒரு கல்லூரி நூலகத்தில். பஸ்ஸில் இடம் காலியாக இருந்தாலும் நின்றபடிதான் பயணம். "உக்காந்தா யோசனை வந்துடும்" என்பார்.

இந்த மனிதரைத்தான் சுற்றுவட்டாரம் முழுக்க நடுவராகக் கூப்பிட்டார்கள். கோலப் போட்டி, சமையல் போட்டி, மாறுவேடப் போட்டி, எதுவானாலும் அவர்தான். காரணம், அவர் தீர்ப்பில் தோற்றவர் கிடையாது. மேல்பட்டாம்பாக்கத்தில் ஒரு மார்கழியில் தெரு முழுக்கக் கோலம் போட்ட அத்தனை பெண்களுக்கும் முதல் பரிசு கொடுத்தார். பரிசு டிபன் பாக்ஸ் போதாமல் நெல்லிக்குப்பம் கடைகளையே காலி செய்தார்கள். ஒரு வாரத்துக்கு நெல்லிக்குப்பத்தில் ஒருவரும் சோறு கட்டிக்கொண்டு வேலைக்குப் போக முடியவில்லை. கோலத்தின் மேல் நடந்துபோன மாட்டுக்கும் ஆறுதல் பரிசு. குளம்படி ஒரே சீராக விழுந்திருந்ததாம். அதற்கப்புறம் அந்த மாடு தலை குனிந்து புல் மேய மறுத்துவிட்டது. நம்பாதவர்கள் போய்க் கேட்டுக்கொள்ளலாம். மாடு இப்போது இல்லை.

மஞ்சக்குப்பத்தில் காயத்ரி என்ற பெண் 'ஞாயிறு வீரர்' என்று ஒரு வாரப் பத்திரிகை நடத்துகிறாள். எல்லாமே படக்கதை. புத்தக அளவில் அல்ல, தினசரி அளவில். பஸ்ஸில் விரித்தால் பக்கத்தில் இருப்பவரின் முகம் மறைந்துபோகும். பக்கத்துக்கு ஒரு சாகச வீரன், மீதிக் கதை அடுத்த ஞாயிறு. பிச்சாவரத்துத் தண்ணீரின் மேல் ஓடுகிற சிறுத்தைப் பெண், நெய்வேலிச் சுரங்கத்தில் விழுந்து எழுந்து கனலுகிற நிலக்கரி மனிதன், பண்ருட்டி முந்திரிக்காட்டு முகமூடி, கைகளுக்குப் பதில் இரண்டு கரும்பு முளைத்த கரும்புக் கையன் என்று ஒரு பட்டாளம். கடைசிப் பக்கத்து மூலையில் 'நடுவர் மேசை'. அதில் ஒவ்வொரு வீரனுக்கும் சுப்பராயலு மதிப்பெண் போடுவார். பத்துக்குப் பத்து. எல்லாருக்கும். ஆரம்பித்த நாள் முதலாக.

போன மாதம் ஒரு திங்கட்கிழமை காயத்ரி போன் செய்தாள்.

"சார், காயிதம் வெல ஏறிப்போச்சு. பரங்கிப்பேட்டை துணிக்கடை முத்தலிப் பாய் வருஷம் பூரா ஒரு பக்கம் விளம்பரம் தரேங்கறாரு. அது வந்தாத்தான் பேப்பரு பொழைக்கும். ஆனா ஒரு வீரன் போவணும். யாருன்னு நீங்க சொல்லுங்க."

"நானா? எல்லாருமே நல்லாத்தானம்மா..."

"அதான் உங்களக் கேக்குறேன். நான் சொன்னா வரையறவங்க என் மூஞ்சியில முழிக்கமாட்டாங்க. உங்க மேல யாருக்குமே கோவம் வராது. வியாழக்கிழம சாயங்காலம் எனக்குப் பேரு வேணும். இல்லன்னா பாய் வேற பேப்பருக்குப் போயிடுவாரு."

"என் மேசைய எடுத்துடேன்!"

"உங்க மேசை கால் பக்கம் சார். பாய் முழுப் பக்கம் கேக்குறாரு."

அன்று ராத்திரியே கூடம் முழுக்கப் பழைய இதழ்களைப் பரப்பிவிட்டு, ஓரமாக நடக்க ஆரம்பித்தார். மறுநாள் காலையிலும் நடை நிற்கவில்லை.

"ஏங்க, கால் வைக்க எடமில்ல" என்றாள் கொளஞ்சியம்மாள். "இவனுங்கள மிதிச்சிக்கினுதான் நான் அடுப்புக்குப் போவணும். இத்தன வீரனுங்க இருக்கானுங்க, ஒருத்தனாவது எழுந்து வழி விடறானா?" பேசிக்கொண்டே குனிந்து பார்த்தவள், "அது என்னா, இந்தக் கரும்புக்காரன் கதையில ஒருத்தருக்கும் கையே காணும்?" என்றாள்.

சுப்பராயலு பார்த்தார். போலீஸ்காரர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். மந்திரவாதியின் கை போர்வைக்குள். அம்மாவின் கை மாவுப் பானைக்குள். கையை மறைக்க வேறு வழி இல்லாத இடத்தில் அரைப் பக்கத்துக்கு 'டமார்' என்று ஒரு புகை. வீரனுக்குக் கரும்பு முளைத்த ரகசியம் அப்போதுதான் அவருக்கு விளங்கியது. வரைகிறவனுக்குக் கை வரைய வராது.

"யாரு வரையறது?"

"ராஜ்கமல். சிதம்பரத்துல ஃபிளெக்ஸ் கடையில வேல பாக்குறான்."

"ஐயோ, டம்ளர் புள்ளையா!" என்றாள் அவள். அதற்குப் பிறகு அவளாலும் சும்மா இருக்க முடியவில்லை. பெருக்கின இடத்தையே திரும்பப் பெருக்கினாள்.

ராஜ்கமல் சின்னப் பையனாக இருந்தபோது குறிஞ்சிப்பாடியில் ஓர் ஓவியப் போட்டி. நடுவர் சுப்பராயலு வழக்கம்போல எல்லாருக்கும் முதல் பரிசு கொடுத்தார். எவர்சில்வர் டம்ளர், 'சிறந்த ஓவியர்' என்று வெட்டியிருக்கும். அதை நம்பித்தான் வெல்டிங் படிப்பைப் பாதியில் விட்டுவிட்டுப் படம் வரைய வந்ததாக ராஜ்கமல் பார்க்கிறவர்களிடம் எல்லாம் சொல்வான். வீட்டில் யார் வந்தாலும் அந்த டம்ளரில்தான் காப்பி. பரிசு கொடுத்த வாயால் இப்போது போ என்று சொல்ல வேண்டும்.

வேறு யாரையாவது பிடிக்கலாமா என்று புதன்கிழமை இதழ்க் கட்டைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறினார். சனா வரைகிற சிறுத்தைப் பெண்ணைப் புரட்டினால் விரல் ஈரமாகிறது, தண்ணீரை அப்படி வரைகிறாள். நிலக்கரி மனிதனின் முகத்தைப் பார்த்தாலே வியர்த்தது. கடைசியில் கரும்புக் கையனை விரித்தார். வில்லனைத் துரத்திக்கொண்டு வீரன் டவுன் பஸ்ஸில் ஏறுகிற வாரம் அது. கண்டக்டர் மறிக்கிறார்.

"கட்டு ரெண்டுக்கும் லக்கேஜ் டிக்கெட்டு எடு."

"கட்டு இல்லண்ணே, கை."

"கைன்னா மடக்கு பாப்போம்."

சுப்பராயலு சிரித்த சிரிப்பில் இதழின் மறுமுனையை யாரோ பிடித்தார்கள். அவர் நின்ற இடத்துக்குப் பக்கத்து சீட்டு அம்மா. அவர் பக்கத்தைத் திருப்பப் பார்த்தால் விடவில்லை. "இருங்க, படிச்சிக்கிறேன்!" பின்சீட்டுக்காரர் சத்தமாக வாசித்தார். நிஜக் கண்டக்டரும் எட்டிப் பார்த்து, விசில் ஊத மறந்துபோனார். புதுச்சத்திரத்தில் இறங்க வேண்டியவர்கள் பு.முட்லூரில் இறங்கித் திட்டிக்கொண்டே திரும்பிப் போனார்கள். சுப்பராயலு சிரித்து முடித்து அந்தப் பக்கத்தை இன்னொரு தடவை பார்த்தார். இத்தனை சிரிப்புக்குக் காரணமான படத்தில் கண்டக்டருக்கும் வில்லனுக்கும் ஒரே முகம்.

வியாழக்கிழமை மதியம் சிதம்பரத்தில் நாலு வீதியையும் சுற்றினார். தேரே வருஷத்துக்கு இரண்டு தடவைதான் சுற்றுகிறது. இவர் ஒரே மதியத்தில் அதைவிட ஜாஸ்தி சுற்றினார். கடைசியில் மேல வீதியில் இருந்த ஃபிளெக்ஸ் கடைக்குள் நுழைந்துவிட்டார்.

"வாங்க சார், உக்காருங்க" என்று ராஜ்கமல் ஸ்டூலை இழுத்துப் போட்டான்.

சுப்பராயலு உட்கார்ந்தார்.

ராஜ்கமலுக்கு முகம் வெளுத்துவிட்டது. "சார்... வீட்ல யாருக்காவது எதனா...?"

"யாருக்கும் ஒண்ணுமில்ல. ஒரு வீரன எடுக்கணுங்கறாங்க. உன் கரும்புக் கையனத்தான் எடுக்கச் சொல்லப் போறேன்."

பின்னால் மெஷின் ஏதோ கட்சிக்காரர் ஒருவரின் மூக்கை மெல்ல மெல்லத் துப்பிக்கொண்டிருந்தது. மூக்கு முடிந்ததும் ராஜ்கமல் மெஷினை நிறுத்தினான்.

"ஏன் சார்?"

"உனக்குக் கை வரைய வரல. மூஞ்சியெல்லாம் ஒரே மூஞ்சி. மீசைய எடுத்துட்டா வில்லனும் அம்மாவும் ஒரே ஆளு."

"அப்ப அந்த டம்ளரு?"

"அது... எல்லாருக்கும் குடுத்தது."

"தெரியும் சார். என் தம்பிகிட்டயும் ஒண்ணு இருக்கு. அவன் போட்டிக்கே வரல, எனக்குக் கொட புடிக்க வந்தான்."

"தெரிஞ்சேவா இத்தன நாளா..."

"டம்ளர்ல ஏமாறல சார். வாராவாரம் பத்துக்குப் பத்துன்னு போட்டீங்க பாருங்க, அதுலதான் ஏமாந்துட்டேன்."

சுப்பராயலுவின் கால் ஸ்டூலுக்குக் கீழே ஆடிக்கொண்டிருந்தது. எழுந்திருக்கவில்லை.

"ஒண்ணாவது நல்லாருந்துச்சா?" என்றான் ராஜ்கமல். "எல்லாமே நல்லாருந்துச்சுன்னு மட்டும் சொல்லாதீங்க. ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க."

சுப்பராயலு பஸ்ஸில் நடந்ததைச் சொன்னார். பக்கத்து சீட்டு அம்மா விடாமல் பிடித்ததை, கண்டக்டர் விசில் மறந்ததை, இறங்கினவர்கள் திட்டினதை. "'கைன்னா மடக்கு பாப்போம்.' அது நல்லாருந்துச்சு. அந்த மாதிரி பேச எனக்குத் தெரிஞ்சி யாருக்கும் வராது. ஆனா அதுக்குக் கீழ இருந்த படம்..."

"போதும் சார்."

ராஜ்கமல் சிரிக்கவில்லை. மெஷின் பக்கம் திரும்பி நின்றுகொண்டான். காயத்ரிக்குப் போன் போட சுப்பராயலு வாசலுக்கு வந்தபோது, உள்ளே இருந்தே கேட்டான்: "அந்த எடத்துல வர்ற விளம்பரத்த யாரு சார் பண்றது?"

"தெரியலயேப்பா. காயத்ரியக் கேளு."

வெள்ளி, சனி இரண்டு நாளும் அவர் தெருவில் நடந்த நடையில் செருப்பு தேய்ந்து கணுக்கால் வரை தார் ஏறியது. ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் பேப்பர்காரர் வருவதற்குள் முனைக்கே போய் வாங்கிவிட்டார்.

கரும்புக் கையன் இருந்த இடத்தில் முழுப் பக்கத்துக்குத் துணிக்கடை விளம்பரம். படக்கதையாகவே போட்டிருந்தது. கடைக்காரர் புடவையை விரிக்கிறார்.

"இது சாயம் போவாதும்மா."

"போன வருஷமும் இதத்தான் சொன்னீங்க."

"அது போன வருஷத்துச் சாயம்மா."

முத்தலிப் பாய் காலையில் காயத்ரிக்குக் கோபமாகப் போன் செய்து கத்தினாராம். என் கடைச் சாயம் போகும் என்று எழுத இவன் யார் என்றாராம். மதியத்துக்குள் கடைக்கு வந்தவர்கள் எல்லாம் அந்த வசனத்தைச் சொல்லிச் சொல்லி வாங்கவே, அடுத்த வாரம் அந்த அம்மா என்ன பேரம் பேசினால் நன்றாக இருக்கும் என்று அவரே காயத்ரிக்கு யோசனை சொன்னாராம்.

சுப்பராயலு பக்கத்தைக் கிட்டே வைத்துப் பார்த்தார், தள்ளி வைத்துப் பார்த்தார். புடவை பெரிதாக விரிந்திருந்தது. கடைக்காரரின் கையும் வாங்க வந்தவளின் கையும் புடவைக்குப் பின்னால் எங்கோ இருந்தன.

அன்றே 'நடுவர் மேசை' எழுதினார், நின்றபடி, ஜன்னல் விளிம்பில் காகிதத்தை வைத்து. "துணிக்கடை விளம்பரம்: பேச்சுக்குப் பத்து. கைக்குப் பூஜ்யம்."

"விளம்பரத்துக்கெல்லாம் யாருங்க மார்க்கு போடுவாங்க?" என்றாள் கொளஞ்சியம்மாள், தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்து. "இருங்க, சிறுத்தைப் பொண்ணுக்கு ஆறா போட்டிருக்கீங்க? ஆறா?"

"தண்ணிக்குப் பத்து. கத எங்கயும் போவலயே, அவ ஓடிக்கினே இருக்கா."

அந்தப் பக்கம் அச்சாகி வந்த ஞாயிறு, காலை ஏழு மணிக்கே போன் அடித்தது. கொளஞ்சியம்மாள் எடுத்தாள். "சொல்லு சனா. இருக்காரும்மா, இதோ..." என்று திரும்பிப் பார்த்தாள். சுப்பராயலு கொல்லைக் கதவுப் பக்கம் ஒரு கால் செருப்பை மாட்டிக்கொண்டு, இன்னொன்றைக் கையில் பிடித்திருந்தார்.