கலாவின் பின்னால் போனது யார்?

மலேசியாவில் சுற்றுலாப் பேருந்து ஓட்டும் மகேந்திரனுக்குப் பொறாமை என்றால் என்னவென்றே தெரியாது. இதைச் சொன்னது அவனேதான். அதுவும் ஊரடங்குக்கு முன்பு.

அப்போதெல்லாம் சனிக்கிழமைதோறும் மனைவி கலாதேவியை ஈப்போவில் பல்கலைக்கழக வாசலில் இறக்கிவிட்டு, எதிர்க்கடையில் நுரை பொங்க ஆற்றிய தே தாரிக் குடித்தபடி காத்திருப்பான். கோப்பெங் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் ஒன்றாக வளர்ந்தவர்கள் இருவரும். பாலர் பள்ளி ஆசிரியையான அவள் நாற்பது வயதுக்குமேல் பட்டம் படிக்கப் போனதில் அவனுக்குப் பெருமைதான். உள்ளே என்ன நடக்கிறது என்று கேட்டால், "பாடந்தாங்க, வேற என்ன?" என்பாள். அவனும் நம்பினான்.

கோவிட் வந்தது. பேருந்து நின்றது. பல்கலைக்கழகம் மடிக்கணினி வழியாக அவன் வீட்டு ஹாலுக்குள் வந்து உட்கார்ந்துகொண்டது. அப்போதுதான் அந்தச் சிரிப்பைக் கேட்டான். அடேயப்பா! குலுங்கிக் குலுங்கி ஒரு சிரிப்பு. அவளோடு படிக்கும் தீபன் என்றொரு பயல், "கலா அக்கா, நீங்க இல்லாட்டி நாங்க செத்தோம்லா" என்பான், இவள் சிரிப்பாள். அக்காவாம் அக்கா! கல்யாணமாகி இத்தனை வருடத்தில் தன்னிடம் ஒருநாளாவது அப்படிச் சிரித்திருப்பாளா என்று யோசித்து யோசித்து மகேந்திரனுக்கு வயிறு எரிந்தது.

இந்த வீட்டில் ஒரு புருஷன் இருக்கிறான் என்று அந்தப் பயலுக்குத் தெரிந்தாக வேண்டும். அடுத்த வகுப்பு நடக்கும்போது, சட்டையில்லாமல், கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு, அவள் நாற்காலிக்குப் பின்னால் மெதுவாக நடந்தான். போனது போதாதென்று திரும்பியும் வந்தான்.

"அக்கா, பின்னால யாரு?" என்றான் தீபன்.

கலா திரும்பினாள். கைலியைப் பார்த்தாள், தொப்பையைப் பார்த்தாள். "பைப் ரிப்பேர் பண்ண வந்த அண்ணே" என்றாள்.

மகேந்திரன் அப்படியே சமையலறைக்குள் போய்விட்டான். தெருமுனையில் போலீஸ் மறித்து நிற்கிறது, எவன் பைப் ரிப்பேருக்கு வருவான்? அதையும் நம்பினானே அந்த மடையன்! அழுகை முட்டிக்கொண்டு வந்தது. பாத்திரம் கழுவும் குழாய் சொட்டிக்கொண்டிருந்தது. அதைப் பார்க்கச் சொல்லிக் கலா எத்தனையோ தரம் கெஞ்சியிருக்கிறாள். ஸ்பேனரை எடுத்தான்.

வகுப்பு முடிந்து அவள் தயங்கித் தயங்கி உள்ளே வந்தாள். "என்னங்க, கோவமா? சட்டையில்லாம வந்து நின்னா நான் என்னதான் சொல்றது?"

"வேலை முடிஞ்சிருச்சுக்கா," என்றான், அவள் முகத்தைப் பார்க்காமல். "பாலில்லாம ஒரு தே ஓ கெடைக்குமா?"

அவள் சிரித்தாள். அதே சிரிப்பு. கதவைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள்.

மகேந்திரன் ஸ்பேனரும் கையுமாக நின்றான். புருஷனுக்கு இத்தனை வருடமாக வராத சிரிப்பு, பைப்காரனுக்கு ஒரே நாளில் வந்துவிட்டது. அந்த ஆள்மேல் அவனுக்குப் பொறாமையாக இருந்தது.