காணவில்லை என்று எழுதிய கல்

சர்வேயர் அளந்தால் அளந்ததுதான் என்று பெயர். ஓய்வு பெற்ற பிறகும், பீரோ வாங்கப் போகிறவர்கள் அவரைக் கூப்பிட்டுச் சுவரைக் காட்டினார்கள். டேப்பை விரித்துப் பார்த்து, அரை விரற்கடை இடிக்கும் என்பார். இடிக்கும். முப்பத்திரண்டு வருஷ வேலையில் அவர் எழுதிய பொய் ஒன்றே ஒன்று. அதுவும் ஒரே சொல்.

வருஷத்துக்கு ஒரு முறை எல்லைக் கற்களை நேரில் போய்ப் பார்க்க வேண்டும். கல் இருந்தால் ஆறு அளவு எடுத்து, படம் போட்டு, கையெழுத்து வைக்க வேண்டும். இல்லையென்றால் 'காணவில்லை' என்று எழுதினால் போதும். அன்றைக்குக் கடைசிக் கல் ஊருக்கு வெளியே இருந்த சின்னக் குன்றின் உச்சியில். பாதை கிடையாது, அடிவாரத்திலிருந்தே முள்ளும் புதரும். அவர் மரத்தடியில் டிபன் பாக்ஸைத் திறந்து சாப்பிட்டார். கண்ணசந்துவிட்டார். விழித்தபோது பொழுது சாய்ந்திருந்தது. அடுத்த வருஷம் ஏறித் திருத்திக்கொள்ளலாம் என்று அந்தச் சொல்லை எழுதினார்.

கல்லின் தலையில் பித்தளைக் குமிழ் பதித்திருந்ததை அவர் யோசிக்கவில்லை. மேலதிகாரிகள் யோசித்தார்கள்: பித்தளைக்காக யாரோ கல்லையே பெயர்த்துப் போயிருக்கிறார்கள். காட்டுக்கு ராக்காவலாக இருந்த வாட்சருக்கு, தூங்கிவிட்டார் என்று ஒரே மாதத்தில் வேலை போயிற்று. விசாரணையில் சர்வேயரிடம் கேட்டது ஒரே கேள்வி: "இது உங்க கையெழுத்துதானே?" ஆமாம் என்றார். பிறகு அந்தக் கல்லைப் பட்டியலிலிருந்தே எடுத்துவிட்டார்கள். ஒருவேளை நிஜமாகவே திருடு போயிருக்கலாம். அந்த 'ஒருவேளை'யை வைத்துப் பதினோரு வருஷத்தை ஓட்டினார்.

வாட்சர் பள்ளிக்கூட வாசலில் சைக்கிளுக்குப் பஞ்சர் ஒட்டிக்கொண்டிருந்தார். சர்வேயர் காய்கறி வாங்க அடுத்த தெரு வழியாகச் சுற்றிப் போவார்.

இந்த வசந்தத்தில் முட்டி ஆபரேஷனுக்கு டாக்டர் நாள் குறித்தார். அதற்குமுன் ஏறாவிட்டால் இனி எப்போதும் இல்லை.

"மாடியில துணி காயப்போடச் சொன்னா முட்டி வலிக்கும். மலைக்கு மட்டும் வலிக்காதாக்கும்" என்றாள் மனைவி.

பள்ளிக்கூட வாசலில் போய் நின்றார். "குன்று மேல ஏறணும். கூட வரீங்களா?"

வாட்சர் டியூபைத் தண்ணீரில் அமுக்கியபடியே நிமிர்ந்து பார்த்தார். "என்ன சார் புதுசா வாங்க போங்க? எனக்கு அவ்வளவு வயசாயிடுச்சா?"

மறுநாள் காலையில் ஏறினார்கள். வாட்சர் அரிவாளால் கொடிகளை வெட்டிக்கொண்டு முன்னால் போனார். தளிர்கள் செம்பு நிறத்தில் பளபளத்தன. பேர் தெரியாத வெள்ளைப் பூவெல்லாம் தேனீ. சர்வேயரின் முகத்தில் சிலந்தி வலை ஒட்டியது. சட்டைக் கையை முள் கிழித்தது. பத்தடிக்கு ஒரு தரம் மரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"இந்தக் காட்டுல நீங்க ஒண்டியா ஏறியிருக்கீங்க பாருங்க" என்றார் வாட்சர். "நான் இங்க சம்பளத்துக்கு ஏறினவன். எனக்கே நாக்கு தள்ளுது."

சர்வேயர் மூச்சு வாங்குவது போல் நின்றுகொண்டார்.

"உங்க மேல எனக்கு வருத்தமே கிடையாது சார். இல்லாததை இல்லைன்னு எழுதினீங்க. ஆனா எந்த ராத்திரி நான் தூங்கினேன்னுதான் தெரியலை. அந்த மாசம் பூரா ஒவ்வொரு ராத்திரியா நினைச்சுப் பாத்துட்டேன். வேலை போனப்புறம் இந்தப் பக்கமே வரல. என்ன முகத்தோட வர்றது?"

திட்டியிருந்தால் தேவலை.

உச்சியில் மரங்கள் விலகி மொட்டைப் பாறை தெரிந்தது. நடுவில் இடுப்புயரத்துக்குக் கல் நின்றது. பித்தளை பச்சை பூத்திருந்தது. புதர் மூடுவதற்கு அங்கே மண்ணே இல்லை. ஏறி வந்த எவனும் அதைப் பார்க்காமல் போயிருக்க முடியாது.

வாட்சர் அரிவாளைக் கீழே வைத்தார். குமிழைக் கட்டைவிரலால் தேய்த்துப் பார்த்தார்.

"அப்ப நான் தூங்கல" என்றார்.

"நான் ஏறல" என்றார் சர்வேயர். "அன்னைக்குக் கீழேயே சாப்பிட்டேன். தூங்கிட்டேன். ஏறாமலே எழுதினேன்."

வாட்சர் அவரைப் பார்க்கவில்லை. அரிவாளை எடுத்துக்கொண்டு சொன்னார்: "எங்க வீட்டுக்காரிகிட்ட வந்து சொல்லுங்க. நான் சொன்னா கதை கட்டறேன்னு சொல்லுவா."

"நாளைக்கு வரட்டுமா?" வாயில் வந்துவிட்டது. சர்வேயருக்கே கூசியது. வாட்சர் அதற்குள் இறங்கத் தொடங்கியிருந்தார்.

அப்படியே வாட்சரின் வீட்டுக்குப் போனார்கள். ஒற்றை அறை. கயிற்றில் துணி, ஜன்னலில் மருந்துச் சீட்டு. வாட்சரின் மனைவி கழுவிக்கொண்டிருந்த பாத்திரத்தை வைத்துவிட்டு, ஈரக்கையோடு நின்றபடி முழுவதையும் கேட்டாள். ஒரு இடத்திலும் குறுக்கே பேசவில்லை. சர்வேயர் தேதி, மணி, கல்லின் எண் எல்லாவற்றையும் சரியாகச் சொன்னார்.

அவர் முடித்ததும் அவள் புருஷனிடம் திரும்பினாள். "மன்னிப்பு கேட்டாரா?"

வாட்சர் யோசித்தார். "ஏறலைன்னார். தூங்கினேன்னார். எழுதினேன்னார்."

"அதைத்தான் இப்ப எனக்கும் சொன்னாரே."

சர்வேயர் வாயைத் திறந்தார். அதற்குள் அவள் ஸ்டூலைக் காலால் அவர் பக்கம் நகர்த்தினாள்.

"உக்காந்தே சொல்லுங்க. மலை ஏறி வந்த காலு."

அவர் உட்காரவில்லை. நின்றபடியே வாட்சரின் பக்கம் திரும்பினார்.