வெறுங்கால் வழி

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஒரு கம்பி ஆலையில் தேசப்பனுக்குச் செக்கிங் வேலை. உருண்டு வரும் கம்பியை வளைத்துப் பார்த்து, குறை இருந்தால் சாக்பீஸால் ஒரு பெருக்கல் குறி போடுவான். மேலாளரே வந்து கெஞ்சினாலும் அந்தக் குறியை அழிக்க மாட்டான். வீட்டிலும் அதே புத்திதான். சாம்பாரைக் கரண்டியில் எடுத்து வெளிச்சத்தில் பார்த்துவிட்டுத்தான் சோற்றில் ஊற்றுவான். சாமி இருக்கிறதா இல்லையா என்பதை மட்டும் அவன் செக் பண்ணியதில்லை. அந்த டிபார்ட்மென்ட் மனைவி திலகவதியுடையது.

மகள் ஸ்நேகா மாதம் நிறையாமல் பிறந்து கண்ணாடிப் பெட்டியில் கிடந்தபோது திலகவதி ஒரு வேண்டுதல் வைத்தாள். பிள்ளை பிழைத்து நடந்தால், ஆடிக் கிருத்திகைக்கு வேலங்குன்று முருகனுக்கு வெறுங்காலில் பால்குடம் எடுப்பதாக. பிள்ளை பிழைத்தது, நடந்தது, இப்போது ஓடவும் செய்கிறது. வேண்டுதல்தான் தள்ளிக்கொண்டே போனது. ஒரு வருஷம் சாவுத் தீட்டு, இன்னொரு வருஷம் திலகவதிக்கே காய்ச்சல். ஸ்நேகா இரண்டு தும்மல் போட்டாலும் தாய்க்கு முகம் வெளுத்துவிடும்.

"சாமிகிட்ட வாங்கிக்கினு குடுக்காம கீறோம், அதான்," என்பாள்.

இந்த வருஷம் எப்படியும் ஏறிவிடுவது என்றிருந்தபோது, மே மாதம் வேலங்குன்றில் தீப்பிடித்தது.

ஊத்துக்கோட்டைக்கு அப்பால், ஆந்திர எல்லையை ஒட்டிய காடு அது. சனி, ஞாயிறுகளில் சென்னைப் பிள்ளைகள் முதுகில் பை மாட்டிக்கொண்டு ஏறுவார்கள். கிருத்திகைக்கு நம் ஜனங்கள் ஏறுவார்கள். இரண்டு கூட்டத்துக்கும் பாதை ஒன்றுதான். ஓரத்துப் புதரெல்லாம் எரிந்துபோனதில், அடுத்து வந்த மழைக்கு மண் பிடிப்பில்லாமல் கரைந்து, பாதை இருந்த இடத்தில் ஓடை கிடந்தது. வழி சரியாகும்வரை யாரும் ஏறக்கூடாதென்று அடிவாரத்தில் கயிறு கட்டினார்கள். சீரமைக்க வருகிறவர்கள் வரலாம் என்றார்கள். தேசப்பன் ஆலையில் ஆள் சேர்த்தான்.

"நான் வழி போட்டுத் தரேன். நீ ஏறு," என்று திலகவதிக்கு வாக்கும் கொடுத்தான்.

ஞாயிறுதோறும் போனார்கள். கருகி விழுந்த மரங்களை அறுத்து ஒதுக்கினார்கள். குறுக்கே கல் பதித்து, தண்ணீர் பக்கவாட்டில் இறங்க வாய் வெட்டினார்கள். பள்ளம் நிரப்ப அங்கே மண் இல்லை. கும்மிடிப்பூண்டிக்காரன் பள்ளத்தைக் கண்டால் யோசிக்க மாட்டான்; இரும்பு உருக்கும்போது ஒதுங்கும் கசட்டைக் கொட்டிவிடுவான். அவன் தெருவும் கசட்டின்மேல்தான், கோயில் வாசலும் கசட்டின்மேல்தான். லாரி ஓட்டும் லோகு மூட்டை மூட்டையாகக் கொண்டுவந்து அடிவாரத்தில் இறக்கினான். மற்றவர்கள் தோளில் சுமந்தார்கள். தேசப்பன் ஒவ்வொரு வளைவிலும் குதித்துப் பார்த்தான், உதைத்துப் பார்த்தான், குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றிப் பார்த்தான். கசடு அசையவில்லை.

கிருத்திகைக்கு முந்தைய ஞாயிறு திலகவதி சோற்றுத் தூக்கோடு வந்தாள். சாமி இருக்கும் மலை என்று செருப்பை அடிவாரத்திலேயே விட்டுவிட்டு ஏறினாள். முதல் வளைவில் நின்றுவிட்டாள். வெயிலில் கசடு தோசைக்கல்லாய்க் காய்ந்திருந்தது. தூக்கை இறக்கி வைத்து உட்கார்ந்து, பாதத்தில் ஏறியிருந்த சில்லைப் பிடுங்கினாள். ரத்தம் வந்தது.

தேசப்பன் தன் காலைப் பார்த்தான். இரும்பு முனை வைத்த சேஃப்டி ஷூ. வந்திருந்த எல்லார் காலிலும் அதேதான், ஆலைப் பழக்கம். ஆனைக்கும் அடி சறுக்கும் என்பார்கள். இங்கே சறுக்கியது இவன், அடிபட்டது அவள்.

"செருப்பு போட்டுக்கினு ஏறட்டும்ணா. முருகன் இன்னா கோச்சிக்கவா போறாரு?" என்றான் லோகு.

"அவரு கோச்சிக்க மாட்டாரு. எனக்குத்தான் மனசு ஒப்பாது," என்றாள் திலகவதி. பிறகு புருஷனைப் பார்க்காமல், "வுடுங்க. அடுத்த வருசம் பாத்துக்கலாம்," என்றாள்.

தேசப்பன் பையிலிருந்து சாக்பீஸை எடுத்து, ஓரக்கல்லில் ஒரு பெருக்கல் குறி போட்டான். அடுத்த வளைவிலும் போட்டான். உச்சிவரை போட்டுக்கொண்டே போனான்.

"அவ்ளோத்தையும் திரும்ப அள்ளணுமா? பேஜாரு புட்ச்ச ஆளுய்யா நீ," என்று லோகு தலையில் அடித்துக்கொண்டான். பாதிப் பேர் அன்றே நழுவிவிட்டார்கள். லோகு திட்டிக்கொண்டே இருந்தான், ஆனால் போகவில்லை. வாரமெல்லாம் லீவு போட்டு இருவரும் கசட்டை அள்ளி இறக்கி, லாரியில் கொண்டுவந்த ஏரி மண்ணை ஏற்றி மிதித்தார்கள். கடைசி வளைவுக்கு நேரம் போதவில்லை; அங்கே கசடு அப்படியே கிடந்தது.

கிருத்திகையன்று கயிற்றை அவிழ்த்துவிட்டார்கள். திலகவதி மஞ்சள் புடவையில், தலையில் பால்குடத்துடன் ஏறினாள். குடம் சுமப்பவர்களுக்குக் குனிந்து கீழே பார்க்க முடியாது. கடைசி வளைவில் கோணியை நனைத்து விரித்திருந்தார்கள். அதன்மேல் அவளுக்கு முன்னால் தேசப்பன் வெறுங்காலில் போனான். குத்துகிற இடத்தில் நின்று, கோணியை இரட்டையாக மடித்துப் போட்டு, மறுபடி மிதித்துப் பார்த்து, பிறகே அடுத்த அடி வைத்தான். திலகவதி அவன் முதுகைப் பார்த்துக்கொண்டே நடந்தாள்.

பால் ஒரு சொட்டுகூடச் சிந்தாமல் போய்ச் சேர்ந்தது. பூசாரி குடத்தை வாங்கிக்கொண்டு தேசப்பனின் ரத்தம் கசிந்த காலைப் பார்த்தார்.

"உனக்கும் வேண்டுதலா நைனா?"

"இல்ல சாமி. செக்கிங்."

அடுத்த ஞாயிறு, மிச்சக் கசட்டை அள்ள நழுவினவர்களும் வந்திருந்தார்கள். அடிவாரத்தில் முதலில் ஷூவைக் கழற்றியவன் லோகு.