துறவுக்கு ஒரு கேள்வி பாக்கி

குழாய்க்காரர் சாமியாராகிவிட்டார் என்றும், அவர் மனைவி தையல்கார அக்கா அதற்குள் வெள்ளைத்துணி எடுத்து வைத்துவிட்டாள் என்றும் தெருவில் ஒரு பேச்சு. பேச்சுக்குக் கால் கிடையாது. ஆனாலும் எல்லா மாடிப்படியும் ஏறிவிட்டது. நேரில் போய்ப் பார்த்ததில் பாதி உண்மை. வெள்ளைத்துணி உண்மை. துணி வெட்டும் மேசைமேல் கட்டாகவே கிடந்தது, எதிர் ஆஸ்பத்திரி நர்சுகளின் சீருடைக்காக. மற்ற பாதி, அதாவது சாமியார், அதே மேசைக்கு அடியில் குனிந்து ஸ்பேனர் தேடிக்கொண்டிருந்தார்.

அக்காவுடையது பெரும்பாலும் பிரித்துத் தைத்த வாழ்க்கை. புதுத்துணியோடு வருகிறவர்கள் குறைவு. உடம்பு பெருத்தவர்கள் பிரிக்க வருவார்கள், இளைத்தவர்கள் பிடிக்க வருவார்கள், அண்ணன் சட்டையைத் தம்பிக்குச் சுருக்க வருவார்கள். முன்னறையில் இரண்டு மெஷின். ஒன்றில் அவள் உட்கார்ந்திருப்பாள், இன்னொன்று எப்போதும் ரிப்பேர். இதை வைத்தே மகளைப் படிக்க வைத்துக் கட்டியும் கொடுத்தாள். மகள் இப்போது நிறைமாதம். பேரப்பிள்ளைக்குத் தன் மடியில் வைத்துத்தான் பெயர் வைக்க வேண்டும் என்று முடிவு செய்து, அன்றைக்குப் போடச் சட்டையும் தைத்து மடித்துவிட்டாள். "பிறக்குறதுக்கு முன்னாடி தைக்கக் கூடாது" என்றவர்களுக்கு, "பிறந்தப்புறம் எனக்கு நேரம் இருக்காது" என்று பதில்.

குழாய்க்காரர் ரகம் வேறு. மகள் கல்யாணம் முடிந்த கையோடு, மரச்சாமான் கடை மாடியில் நடக்கும் வேதாந்த வகுப்பில் போய் உட்கார ஆரம்பித்தார். 'நான் இந்த உடம்பு இல்லை' என்று கற்றுக்கொண்டு வந்தார். நல்ல விஷயம்தான். ஆனால் படுக்கப் போகும்போது, தான் அல்லாத அந்த உடம்பின் முழங்காலுக்குத் தைலம் தேய்க்க ஆள் தேவைப்பட்டது.

"ஆத்மாவுக்கு வலி கிடையாதாமே?" என்பாள் அக்கா, தேய்த்துக்கொண்டே.

"முட்டிக்கு இருக்கே."

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோதுதான் ஒருநாள் நாத்தனார் வந்தாள். வந்தவள் ஸ்டூலைத் துடைத்துவிட்டு உட்கார்ந்தாள்.

"அண்ணி, அண்ணன் துறவு வாங்கப் போறாராம். பொண்டாட்டி சம்மதிக்காம குடும்பஸ்தனுக்குத் துறவு கிடையாதாம். உங்ககிட்ட கேட்டுட்டு வரச் சொன்னார்."

அக்கா மெஷினை நிறுத்தவில்லை. "அவர் எங்கே?"

"வெளியில நிக்கிறார். கொஞ்சம் கூச்சப்படறார்."

"பொண்ணு பார்க்க வந்தப்பவும் நீதானே பிடிச்சிருக்கான்னு கேட்டே?"

"ஆமா, நீங்க தலையாட்டினீங்களே!"

"எனக்கு அன்னிக்குக் கழுத்துச் சுளுக்கு."

நாத்தனார் சளைக்கவில்லை. "சாமியார் பொண்டாட்டின்னா எவ்வளவு புண்ணியம் தெரியுமா?"

"அத்தனையையும் நான் ஒருத்தியே சுருட்டிக்கிட்டா நல்லா இருக்குமா? உன் வீட்டுக்காரரையும் சேர்த்து அனுப்பு."

நாத்தனார் பேச்சை மாற்றினாள். மாற்றிய இடத்தில்தான் முள் இருந்தது. துறவு வாங்குகிறவர் தனக்குத்தானே பிண்டம் வைத்து, உயிரோடு இருக்கும்போதே தன் கருமாதியை முடித்துக்கொள்வார். அதற்கப்புறம் வீட்டைப் பொறுத்தவரை அவர் செத்தவர் கணக்கு. "அதனால அண்ணி... நீங்க பொட்டு வைக்கலாமான்னு பெரியவங்ககிட்ட கேக்கணும். பேரப்பிள்ளைக்குப் பேர் வைக்கும்போதும் கொஞ்சம் பின்னாடி நின்னுக்கிட்டீங்கன்னா யாருக்கும் சங்கடம் இல்ல."

மெஷின் நின்றது.

போகட்டும், இருக்கட்டும், அது அவர் பாடு. அக்காவுக்கு உறைத்தது வேறு. கருமாதி முடித்தவர் காவி வேட்டியில் கிண்ணென்று நடமாடுவார். நாலு பேர் அவர் காலில் விழுவார்கள். செத்ததற்கான தண்டனை மட்டும் சாகாமல் வீட்டில் இருப்பவளுக்கு. துணியில் இப்படி ஒரு பக்கம் மட்டும் பிடித்துத் தைத்தால் வாடிக்கையாளர் மூஞ்சியில் விட்டெறிவார்.

மறுநாள் வழக்கத்தைவிடப் பெரிய பொட்டாக வைத்துக்கொண்டு அவளே அந்த வேதாந்த வகுப்பு மாடி ஏறினாள். பின்னால் கணவர், அவருக்குப் பின்னால் நாத்தனார். குரு ஒல்லியான மனிதர், பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். போலி இல்லை, கேலி பேசலாம் என்று வருகிறவர்களுக்கு அது பெரிய ஏமாற்றம்.

"ஐயா, இவர் வியாழக்கிழமை கருமாதி முடிச்சுக்கிறார்னு வைங்க. வெள்ளிக்கிழமை காலையில நான் யாரு?"

குரு மறைக்காமல் சொன்னார்: "துறவி எப்படிக் குளிக்கணும், எங்க படுக்கணும்னு பழைய நூல்கள்ல நிறைய இருக்கும்மா. அவர் விட்டுட்டுப் போற வீட்டைப் பத்தி ரொம்பக் கொஞ்சம். மிச்சமெல்லாம் ஜனங்க சேர்த்துக்கிட்டது. இடத்துக்கு இடம் மாறும்."

"அப்ப இல்லாததை நானே முடிவு பண்ணிக்கலாமில்ல?"

"பண்ணுங்க."

"பொட்டு என் நெத்தியில இருக்கும். கடை திறந்திருக்கும். பேரப்பிள்ளைக்குப் பேர் என் மடியிலதான். இதை இவளுக்கு நீங்க உங்க வாயால சொல்லணும்."

குரு ஒரு வார்த்தை விடாமல் நாத்தனாரைப் பார்த்துச் சொன்னார். "நான் எப்ப வேண்டாம்னேன்?" என்றாள் நாத்தனார்.

"அப்ப சம்மதம்தானேம்மா?" என்று குரு அக்காவைக் கேட்டார்.

"இவர் இன்னும் என்கிட்ட கேக்கவே இல்லையே ஐயா."

குரு குழாய்க்காரர் பக்கம் திரும்பினார். "கேக்கலையா?"

"தங்கச்சியை விட்டுக் கேட்டேன், சாமி."

"உலகத்தையே விடறேன்கிறீங்க, வாயை விட்டு ஒரு கேள்வி வரலையா? கடன் வெச்சுக்கிட்டு இந்தப் பக்கம் வரக் கூடாது. போய்க் கேட்டுட்டு வாங்க."

பேத்தி பிறந்தாள். அக்கா மடியில், எல்லாருக்கும் முன்னால், பெயரும் வைத்தாயிற்று. தட்டை ஏந்தி நின்றது நாத்தனார். அக்கா மாதிரியே தானும் ஒரு பெரிய பொட்டு வைத்துக்கொண்டு வந்திருந்தாள்.

"அப்பா கேட்டுட்டா என்னம்மா சொல்லுவே?" என்று மகள் ஒருநாள் கிளறிப் பார்த்தாள்.

"கேக்கறவருக்குத்தான் பதில். உனக்கு எதுக்கு?"

குழாய்க்காரர் முயற்சியை விடவில்லை. போன வாரம்கூடக் குளித்து, திருநீறு பூசி, மெஷின் பக்கத்தில் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"உன்கிட்ட ஒண்ணு கேக்கணும்."

அக்கா மிதியிலிருந்து காலை எடுத்தாள். கத்தரியைக் கீழே வைத்தாள். முப்பது வருஷத்தில் முதல் தடவையாக அவர் முகத்தை நேராகப் பார்த்து உட்கார்ந்தாள்.

"கேளுங்க."

அவர் மூச்சை நன்றாக இழுத்து விட்டார்.

"இது என்ன நம்பர் ஊசி?"

"பதினாறு" என்று சொல்லிவிட்டு, அக்கா மறுபடி மிதிக்க ஆரம்பித்தாள்.