ஒம்பதுலே வந்துரு

எங்கள் அக்கா கர்த்தருக்குள் நித்திரையடைந்து இன்றோடு ஓராண்டு ஆகிறது. அவர் மேல் அன்பு வைத்திருந்த உறவினர்களுக்கும், சபையாருக்கும், ஏழாயிரம்பண்ணைச் சுற்றுவட்டாரத்து மக்களுக்கும் இந்த மலரைக் கண்ணீரோடு கொடுக்கிறேன். இதை அச்சுக் கோத்தவன் நான்தான். அச்சுக் கம்பெனியில் கூட வேலை செய்கிறவர்கள், "நீங்க எழுதி மட்டும் குடுங்கண்ணே, நாங்க கோத்துக்கிடுறோம்" என்றார்கள். நான் கொடுக்கவில்லை. உங்களிடம் நான் ஒப்புக்கொள்ள வேண்டியது ஒன்று இருக்கிறது. அதை வாயால் சொல்ல ஓராண்டாக முயன்று பார்த்தேன், முடியவில்லை.

அக்கா பிறந்தது மல்லாங்கிணறில். எங்களுக்கு இருந்தது மழையை நம்பிய கொஞ்சம் பருத்திக் காடு. அப்பா இறந்தபோது அக்காவுக்குப் பதினான்கு வயது, எனக்கு ஆறு. அம்மா அக்காவை மிஷன் போர்டிங்கில் விட்டார்கள். ஒரு கிறிஸ்துமஸுக்கு அங்கே பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு துண்டு கேக் கொடுத்திருக்கிறார்கள். அக்கா அதைத் தின்னாமல் கைக்குட்டையில் முடிந்து எனக்குக் கொண்டுவந்தார். பஸ்ஸில் வந்து சேர்வதற்குள் அது தூளாகிவிட்டது. நான் கைக்குட்டையை நக்கித் தின்றதை அக்கா பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். கையில் கிடைத்ததை முன்னாலேயே எடுத்து அனுபவிக்க அவருக்கு எந்தக் காலத்திலும் தெரியாது.

மதுரையில் மருத்துவச்சிப் பயிற்சி முடித்து, ஏழாயிரம்பண்ணைப் பக்கம் தாய்சேய் நல விடுதியில் வேலைக்குச் சேர்ந்தார். விடுதி என்பது பேருக்குத்தான். முக்கால்வாசிப் பிரசவம் ஊர்களில் வீட்டுக்குள்ளேதான் நடக்கும். பையைத் தோளில் போட்டுக்கொண்டு கரிசல் காட்டில் மூன்று மைல், நான்கு மைல் நடக்க வேண்டும். மழை பெய்தால் செருப்பைக் கையில் எடுத்துக்கொள்ள வேண்டும். போன வீட்டில் தண்ணீர் இல்லாவிட்டால் தானே கிணற்றில் இறைக்க வேண்டும். வலியில் துடிக்கிற பெண்ணைத் தாங்கிப் பிடித்துக் குத்தவைத்தே மணிக்கணக்கில் இருந்துவிட்டு வந்து, அக்கா முதுகை நிமிர்த்த முடியாமல் சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்பதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

பட்டாசு ஆலைக்குப் போகிற பெண்கள் பிள்ளை பெற்ற இருபதாம் நாள், முப்பதாம் நாள் வேலைக்குத் திரும்பிவிடுவார்கள். மார்பில் பால் கட்டிக்கொண்டு காய்ச்சலோடு அக்காவிடம் வந்து நிற்பார்கள். அக்கா ஒவ்வொருத்தியிடமும் ஒரே பாட்டைப் பாடுவார். "மூணு மாசம் பிள்ளைய விட்டுட்டுப் போயிராதம்மா." அவர்களும் ஒரே பதிலைத்தான் சொல்லுவார்கள். "அம்புட்டு நாளு வீட்டுல இருந்தா ஆரு கஞ்சி ஊத்துவா நர்சம்மா?" 

அத்தான் பட்டாளத்தில் இருக்கிறார்கள். கல்யாணமாகி ஆறு வருடம் கழித்து அக்கா உண்டானார். பிரசவத்துக்குச் சம்பளத்தோடு மூன்று மாத விடுப்பு அவருக்கு உண்டு. முன்னால் எத்தனை நாள் எடுக்கிறோமோ அத்தனை நாள் பின்னால் குறையும். அக்கா அதில் ஒரு நாளைக்கூட முன்னால் எடுக்க மனமில்லாமல் இருந்தார்.

ஆகஸ்டில் நான் பார்க்கப் போனபோது விடுப்பு விண்ணப்பத்தை எடுத்துக் காட்டினார். எல்லாம் எழுதிக் கையெழுத்தும் போட்டிருந்தது. எந்தத் தேதி முதல் என்ற இடம் மட்டும் காலியாக இருந்தது.

"ஏங்க்கா, இதை எழுதலையா?"

"நீ என்னைக் கூட்டிட்டுப் போக வந்து நிக்கிற அன்னைக்கு எழுதுவேன். அதுக்கு ஒரு நா முன்னால கூட எழுத மாட்டேன்."

"நடந்து நடந்து காலு வீங்கிக் கெடக்கு. இப்பவே எழுதுங்க."

"போலே கிறுக்கா. இப்பவே எழுதுனா எம்பிள்ளை பொறந்ததுமே புட்டிப்பாலு குடிக்கும்" என்று சிரித்தார். பிறகு பஸ் ஏற்றிவிட வந்தபோது சன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, "ஒம்பதுலே வந்துரு தம்பி, மறந்துராத" என்றார்.

நான் மறக்கவில்லை. மறந்திருந்தால்கூட யாராவது ஞாபகப்படுத்தியிருப்பார்கள். எனக்கு நன்றாக ஞாபகம் இருந்தது, அதுதான் கேடாய் முடிந்தது.

மாதம் எண்ணுவதில் நம் பக்கம் இரண்டு வழக்கம் உண்டு என்பது உங்களுக்குத் தெரியும். வீட்டில் பெண்கள் நடக்கிற மாதத்தைச் சொல்லுவார்கள். எட்டு முடிந்து மறுநாள் ஆனாலே ஒன்பது என்பார்கள். ஆஸ்பத்திரியில் முடிந்த மாதத்தை மட்டுமே எண்ணுவார்கள். இந்த வித்தியாசத்தை எனக்குச் சொல்லிக் கொடுத்ததே அக்காதான். பயிற்சியிலிருந்து வந்த புதிதில், "நடக்குற மாசத்தை எண்ணப்படாதுலே, முடிஞ்சதைத்தான் எண்ணணும்" என்று பெருமையாகச் சொன்னார். அதனால் நர்சாகிய அக்கா ஒன்பது என்றால் ஒன்பது முடிந்து என்றுதான் அர்த்தம் என்று நான் எடுத்துக்கொண்டேன். ஒன்பது முடிவது டிசம்பர் நடுவில். பிள்ளை பிறப்பதற்குப் பத்து மாதம் என்று ஊரெல்லாம் சொல்கிறதே, ஆகவே அதற்கப்புறமும் ஒரு மாதம் இருக்கிறது என்று எண்ணினேன். ஊர் சொல்லும் பத்தும், ஆஸ்பத்திரி சொல்லும் ஒன்பதும் ஒரே நாள்தான் என்பது என் மண்டையில் ஏறவில்லை. உலகத்தில் இல்லாத ஒரு மாதத்தை நான் உண்டாக்கி வைத்திருந்தேன்.

அக்கா அன்று என்னிடம் நர்சாகப் பேசவில்லை. அம்மாவுக்கு மகளாக, வீட்டுப் பேச்சில் சொன்னார். ஒன்பது பிறந்ததும் வா என்றார். அதாவது நவம்பர் நடுவில்.

காலண்டர் சீசன் அப்போது உச்சத்தில் இருந்தது. ஆர்டர் குவிந்துகிடந்தது, லீவு கேட்கவே வாய் வராது. நவம்பர் கடைசி ஞாயிற்றுக்கிழமை ஊருக்குப் போய், கிறிஸ்துமஸ் முடிந்து அக்காவைக் கூட்டிவரப் போவதாக அம்மாவிடம் சொன்னேன். அம்மா கையிலிருந்த முறத்தைக் கீழே வைத்துவிட்டார்கள்.

"ஏலே, கணக்கு இடிக்குதே. கிறிஸ்துமஸ் கழிச்சுப் போனா அவளைக் கூட்டிட்டு வரப் போறியா, பிள்ளையப் பாக்கப் போறியா?"

"அது வீட்டுக் கணக்கும்மா. அக்கா சொன்னது ஆஸ்பத்திரிக் கணக்கு. ஒனக்கு அது வெளங்காது."

படித்த பிள்ளை சொல்லுகிறானே என்று அம்மா முறத்தைத் திரும்பக் கையில் எடுத்துக்கொண்டார்கள். நான் பேசியவற்றிலேயே திரும்ப எடுத்துக்கொள்ள முடியுமானால் இந்த ஒன்றைத்தான் எடுத்துக்கொள்வேன். இந்த ஓராண்டில் அம்மா ஒரு தடவைகூட அதைச் சொல்லிக் காட்டவில்லை. திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

டிசம்பர் முதல் வாரம் அக்காவிடமிருந்து ஒரு கார்டு வந்தது. "உனக்கு வேலை நெருக்கடி என்று தெரியும். அவசரப்படாதே தம்பி. நீ பிந்துகிற ஒவ்வொரு நாளும் என் பிள்ளைக்கு லாபம்." இதை வாசித்துவிட்டுச் சிரித்து, சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். நாளெல்லாம் ஈயத்தில் எழுத்துப் பொறுக்குகிறவன் நான். ஒரு கொம்பு மாறியிருந்தாலும் என் கண்ணுக்குத் தப்பாது. 'பிந்துகிற' என்று அக்கா எழுதியிருந்தது மட்டும் கண்ணில் படவில்லை. நான் வர வேண்டிய நாள் தாண்டிப்போயிருந்தால்தானே அப்படி எழுதுவார்? நான் தாமதிப்பதில் அக்கா சந்தோஷப்பட்டுக்கொண்டு, காத்துக்கொண்டு, தினமும் வேலைக்கு நடந்துகொண்டிருந்தார்.

அடுத்த வாரம் ஒருநாள் காலை, இரண்டு மைல் தள்ளியுள்ள ஊரிலிருந்து ஆள் வந்திருக்கிறது. பட்டாசு ஆலையில் காகிதக் குழாய் உருட்டுகிற மாரியம்மாளுக்கு வலி. முந்தின நாள் மழையில் காடு சொதசொதவென்று கிடந்தது. அக்கா நடந்தார். பிள்ளை கோணலாக இருந்ததாம், நெடுநேரம் போராடித் தாயையும் பிள்ளையையும் பிழைக்க வைத்துவிட்டார். வழக்கம்போல் மூன்று மாதப் பாட்டையும் பாடியிருக்கிறார். பையை எடுத்துக்கொண்டு எழுந்தவர் எழுந்த இடத்திலேயே உட்கார்ந்துவிட்டார். உதிரம் போய்க்கொண்டிருந்தது. மாரியம்மாளின் வீட்டுக்காரர் வண்டி கட்டி விடுதிக்குக் கொண்டுவந்தார். டாக்டரம்மா ஜீப்பில் விரைந்து வந்து பிள்ளையை எடுத்துக் கொடுத்தார்கள். அக்காவைக் காப்பாற்ற அவர்களால் முடியவில்லை. கம்பெனி வாசலுக்குத் தந்தி வந்தபோது நான் ஒரு காலண்டரின் டிசம்பர் மாதத்தைக் கோத்துக்கொண்டிருந்தேன்.

அக்காவின் பெட்டியில் விண்ணப்பம் மடித்தபடி இருந்தது. தேதி எழுதும் இடம் அப்படியே காலி. ஒரு நாளும் முன்னால் எடுக்கவில்லை என் அக்கா. மூன்று மாதமும் முழுசாக மிஞ்சியிருந்தது.

அத்தான் வந்தார்கள், பிள்ளையின் முகத்தைப் பார்த்துவிட்டு எல்லைக்குத் திரும்பிப் போனார்கள். அம்மாவிடமும் அவர்களிடமும் நான் இதைத் தெளிவாக இன்றுவரை சொன்னதில்லை. அத்தான், என்னை மன்னிக்கவேண்டும்.

எங்களோடு நின்ற போதகர் ஐயாவுக்கும், டாக்டரம்மாவுக்கும், வண்டி கட்டியவருக்கும், அடக்க ஆராதனையில் அழுதபடி நின்ற சுற்றுவட்டாரத்துத் தாய்மார்களுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. இனி மாரியம்மாளுக்கு. பிள்ளையை வைத்துக்கொண்டு அம்மா அக்காவின் வீட்டில் தங்கியிருந்தார்கள். அடக்கம் வரை புட்டிப்பாலைத் துப்பித் துப்பி அழுதுகொண்டிருந்தது பிள்ளை. அடக்கத்துக்கு மறுநாள், பச்சை உடம்புக்காரி, தன் பிள்ளையையும் தூக்கிக்கொண்டு வண்டியில் வந்து இறங்கினார். எங்கள் பிள்ளையைக் கேட்டு வாங்கி மடியில் போட்டுக்கொண்டார். அங்கேயே தங்கி இரண்டு பிள்ளைக்கும் பால் கொடுத்தார். முப்பது நாள் கழிந்ததும் அம்மா கேட்டார்கள்.

"நீ வேலைக்குப் போகணுமே தாயி?"

"நர்சம்மா மூணு மாசம்னு சொல்லிட்டுப் போயிருக்காகள்லம்மா. இருந்துட்டுப் போறேன்."

விடுப்பு என்ற சொல்லே இல்லாத வேலை அவருடையது. போகாத நாளுக்குக் கூலி கிடையாது, அந்த ஆலை அவரைத் தேடவும் இல்லை. ஒரு நாள் குறையாமல் மூன்று மாதம் இருந்து, எங்கள் பிள்ளையை அம்மா கையில் கொடுத்துவிட்டு, தன் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு போனார். அவருக்கு நன்றி சொல்ல என் எழுத்துப் பெட்டியில் எழுத்து இல்லை.

பிள்ளை இப்போது சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். நிற்கிற நிலை அக்கா மாதிரியே இருக்கிறது. தோளில் போட்டுக்கொண்டு கடைத்தெருவுக்குப் போனால், "பிள்ளைக்கு எத்தனை மாசம்?" என்று கேட்கிறார்கள். நான் இரண்டு கணக்கையும் சொல்லுகிறேன். பன்னிரண்டு முடிந்தது, பதின்மூன்று நடக்கிறது.